கிண்டர்வுன்ஷும் தாம்பரத்து டாக்டரும்

ஜெர்மனியில் மருந்துக் கடைக்குள் நுழைந்தால் தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். முன்னால் நிற்பவர் வாங்கி முடிக்கும்வரை அதைத் தாண்டக் கூடாது. அவர் என்ன வாங்குகிறார் என்பது நம் காதில் விழக் கூடாதாம். பல வருடங்கள் இங்கே வாழ்ந்தும் அந்தக் கோடு எனக்கு விநோதமாகவே இருந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் வாங்க ஆரம்பித்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. முப்பத்தாறு வயதில், மாடிப்படி ஏறினாலே உட்கார இடம் தேடும் அளவுக்கு எனக்கு அசதி. விடுமுறை நாளெல்லாம் தூக்கம். மனைவி ரேவதியிடம் சிரித்துப் பேசக்கூடத் தெம்பில்லை. ரத்தப் பரிசோதனையில், ஆண்களுக்கு இருக்க வேண்டிய அந்த ஹார்மோன் மிகக் குறைவு என்று தெரிந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்த சிறப்பு மருத்துவர், தினமும் காலையில் தோளில் தேய்த்துக்கொள்ள ஒரு ஜெல் கொடுத்தார். சில வாரங்களில் ஆளே மாறிவிட்டேன். செலவைக் காப்பீடு பார்த்துக்கொண்டது.

போன வருடம் பொங்கலுக்கு ரேவதியுடன் சொந்த ஊரான தாம்பரத்துக்குப் போனபோது, இரண்டு பெட்டி நிறைய சாக்லேட்டை மறக்காமல் எடுத்து வைத்த நான் ஜெல்லைக் குளியலறை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையைத் தேடிப் போனேன். அங்கே கோடாவது ஒன்றாவது. பின்னால் நின்றவரின் மோவாய் என் தோளில் இருந்தது. முடிந்தவரை மெதுவாகக் கேட்டேன். கடைக்காரர் உள்பக்கம் திரும்பி, "டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கீதான்னு பாரு!" என்று குரல் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஜிம்முக்கா சார்? டாக்டர் சீட்டு இல்லாம குடுக்க மாட்டோம்." பக்கத்தில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்த அம்மா என் புஜத்தை ஒருமுறை பார்த்தார். ஜிம்முக்கான எந்த அறிகுறியும் அங்கே தென்படாததால் திரும்பிக்கொண்டார்.

பள்ளித் தோழன் சலீமிடம்தான் விஷயத்தைச் சொன்னேன். கூடுவாஞ்சேரியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். "இதுக்கா மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற? பல்லுக்கு டாக்டர் கீறாரு, கண்ணுக்குக் கீறாரு, இதுக்கு இருக்க மாட்டாரா? ஏறு வண்டில" என்றான். இணையத்தில் முதலில் கண்ணில் பட்டது சிறுசேரி போகும் வழியில் இருந்த ஒரு ஆண்கள் நல மையம். கண்ணாடிச் சுவர், ஏசி, காபி இயந்திரம். டை கட்டிய ஒருவர் எங்களை உட்காரவைத்து ஆறு மாதப் பேக்கேஜை விளக்கினார். விலை என் விமான டிக்கெட்டைத் தாண்டியது.

"ரத்தம் எடுத்துப் பாக்க வேணாமா?" என்றேன்.

"எடுக்கலாம் சார். இன்னைக்கே பேக்கேஜ் போட்டுட்டீங்கன்னா டிஸ்கவுண்ட் இருக்கு."

இவ்வளவு வாங்குகிறார்கள் என்றால் விஷயம் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்து நான் கார்டை எடுத்துவிட்டேன். சலீம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, டாக்டர் எங்க?"

"டாக்டர் ஆன்லைன்ல வருவார் சார்."

வெளியே வந்ததும் சலீம் பொரிந்து தள்ளினான். "சோபா விக்கறவன்கூட உக்காந்து பாருங்கன்னு சொல்வான் மச்சான். இவன் ஒன் கையப் புடிச்சிக்கூடப் பாக்கல!"

அவன் அக்காவுக்குத் தைராய்டு வைத்தியம் பார்க்கும் ஹார்மோன் டாக்டர் சேலையூரில் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. ஒரு பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். ரேவதிதான், "அவங்க பாக்காத ஹார்மோனா? நானும் வரேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். தூக்கம், தலைவலி, பார்வை, சின்ன வயதில் வந்த நோய்கள். பிறகு, "குழந்தைங்க?" என்றார்.

"ட்ரை பண்ணிட்டிருக்கோம் டாக்டர். ரெண்டு வருஷமா" என்றாள் ரேவதி.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஜெல் எப்ப ஆரம்பிச்சீங்க?"

"அதுவும் ரெண்டு வருஷம் இருக்கும்."

"வெளிய இருந்து ஹார்மோன் வந்துட்டா, நமக்கு வேலையில்லன்னு மூளை ஆர்டர் குடுக்கறத நிறுத்திடும். உள்ள தயாரிப்பே படுத்துடும். விந்தணுவும் சேர்ந்துதான். குழந்தை வேணும்னு அங்க சொல்லலையா நீங்க?"

சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். "கிண்டர்வுன்ஷ் அப்கெஷ்லோசன்?" என்று அந்த ஜெர்மன் மருத்துவர் கேட்டது அப்படியே நினைவுக்கு வந்தது. கிண்டர் என்றால் குழந்தைகள், வுன்ஷ் என்றால் ஆசை. குழந்தை ஆசை இருக்கிறதா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக "யா, யா!" என்றேன். அவரும் திருப்தியாகத் தலையசைத்தார். நான் கண்டுகொள்ளாமல் விட்ட மூன்றாவது சொல்லுக்கு, முடிந்துவிட்டது என்று பொருள். பிள்ளை பெறும் ஆசையெல்லாம் தீர்ந்துவிட்டதா என்ற கேள்விக்குத்தான் அத்தனை உற்சாகமாக ஆமாம் போட்டிருக்கிறேன்.

இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். ரேவதியும் சிரித்தாள். ஆனால் படியில் இறங்கும்போது நின்று, "எனக்கு எத்தனை டெஸ்ட் எடுத்தாங்க தெரியுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விசேஷம் உண்டா என்று சொந்தக்காரர்கள் கேட்டதெல்லாம் அவளிடம்தான். அன்றே அவள் அம்மாவிடமும் என் அம்மாவிடமும் காரணத்தை நானே சொன்னேன்.

ஜெல்லை இனித் தொடவே வேண்டாம் என்று சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு நாள் ரத்தம் எடுக்கவைத்து, மூளையையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் டாக்டர் மருந்து எழுதினார். உடம்பையே வேலை செய்யத் தூண்டும் ஊசி. "பெரும்பாலும் திரும்பி வரும். கேரன்டி தர மாட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது. அவர் வாங்கியதோ, தைராய்டுக்கு வந்தவர்களிடம் வாங்கிய அதே பீஸ். ஊசியின் விலைதான் கடித்தது.

திரும்பி வந்து ஜெர்மன் மருத்துவரிடம், வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன்: குழந்தை ஆசை முடியவில்லை, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சேலையூர் டாக்டரின் சிகிச்சையை வரி வரியாகப் படித்து, இதுதான் சரி என்று தொடர்ந்தார். மாதங்கள் போயின. முதலில் ஒன்றுமில்லை. பிறகு பரிசோதனையில் கொஞ்சம் தெரிந்தது. பிறகு ஒரு நாள் காலை ரேவதி குளியலறையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சலீமுக்குச் சொன்னபோது, "நான் ஒரு கையப் புடிச்சதுக்கு இன்னா பலன் பாரு!" என்று கத்தினான்.

இப்போது ரேவதி பிரசவத்துக்காகப் பெருங்களத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அடுத்த மாதம் நானும் போகிறேன். இங்கே இருவருக்குமாகப் பதிந்துவைத்த மூச்சுப் பயிற்சி வகுப்புக்குச் சனிக்கிழமைதோறும் நான் மட்டும் போய்வருகிறேன். மற்ற கணவர்கள் மனைவியின் முதுகைத் தாங்கிப் பிடித்திருக்க, என் பாயில் தலையணைமேல் செல்போன் சாய்ந்திருக்கும். அதில் ரேவதி. போன வாரம், "மூச்சை உள்ளே இழுங்கள்" என்று வகுப்பு நடத்தும் மருத்துவச்சி சொன்ன நேரத்தில் போனுக்குள் தடதடவென்று சத்தம் எழுந்து அறை முழுக்க நிறைந்தது. இடியா என்று அவர் கேட்டார். "இல்லை, எங்கள் ரயில்" என்றேன் ஜெர்மனில். மாமியார் வீட்டை ஒட்டி ஓடும் செங்கல்பட்டு வண்டி கடந்து போகும்வரை, கண்ணை மூடியிருந்த அத்தனை ஜெர்மானியர்களும் மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.