துப்பிய ஒரு வாய் வைன்

என் 1964ஆம் ஆண்டு நாட்குறிப்பில், டிசம்பர் மாதப் பக்கம் ஒன்றில், "அந்தோணி வீட்டில் சிவப்பு வைன். சுவை நன்று" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நடந்ததை எழுத அன்று கை வரவில்லை.

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் டீமேக்கர், தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் அதிகாரி. அந்தோணி அங்கே கொழுந்து அரைக்கும் தொழிலாளி. விசா முடிந்து, இந்தியாவுக்குப் போகும்படி அவருக்கு உத்தரவு வந்திருந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த தன் வீட்டுக்கு என்னை அழைத்தார். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் நான் அந்த வாசலை மிதித்தது அன்றுதான்.

"ஹட்டன் கடையில வாங்கினேங்கய்யா. பல பீப்பாயில மிஞ்சினத ஒண்ணாக் கலந்ததாம், அதான் வெல கொறவு. நம்ம டீயில நடக்காததா?" என்று சிரித்துக்கொண்டே கிளாஸை நீட்டினார்.

தினமும் தேநீரைச் சோதிக்கிற வாய். சர்ரென்று உறிஞ்சினேன், நாக்கில் உருட்டினேன், வாசலுக்கு வெளியே துப்பினேன். முதல்தரத் தேநீரையும் அப்படித்தான் துப்புவேன்.

அந்தோணியின் சிரிப்பு நின்றது. அவர் மனைவி அவரிடம் மெல்லச் சொன்னார்: "ஏங்க, நம்ம வீட்டு கிளாஸ்ல ஐயா எப்படிங்க குடிப்பாரு?"

தொழில் பழக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீதியைக் குடித்திருக்கலாம். ஆனால், பன்னிரண்டு வருடம் ஏன் அங்கே வரவில்லை என்று அவர்கள் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மன்னிப்புக் கேட்டு அவருடைய திருச்சி முகவரிக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். பதில் வரவில்லை, கடிதங்கள் திரும்பியும் வரவில்லை. ஒன்றாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.