தம்பியின் கையும் இரண்டு மலிவு போன்களும்

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அவன் பேசுவதெல்லாம் கையால்தான். சேலத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சைகை மொழி படித்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அக்காவான எனக்கும் சொல்லிக் கொடுப்பான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு, கம்பைநல்லூரில் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு அரூருக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தான். கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை. புது வீடுகளின் கேட்டுகளில் வளைந்து நிற்கிற கொடியும் பூவும் பல இடங்களில் அவன் கை வேலை. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அவற்றைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டாமல் என்னால் இருக்க முடியாது.

அவனுக்குப் பெண் அமைந்தது வத்தல்மலை அடிவாரத்தில். அவளுக்கும் காது கேட்காது. தர்மபுரியில் ஒரு பேக்கரியில் கேக் மேல் கிரீம் பூ வைக்கிற வேலை பார்த்தாள். பெண் பார்க்கப் போன அன்று இரண்டு வீட்டு ஜனமும் சுற்றி உட்கார்ந்து அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில், இருவரும் நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. பெயர், படிப்பு, பிடித்திருக்கிறதா, பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். பூ வைத்து முடித்ததும் தம்பி என்னிடம் வந்து கேட்ட முதல் விஷயம் போன். அவனுடைய பழைய போனில் பாதித் திரை கறுத்துப் போயிருந்தது. அவளிடமோ பட்டன் போன்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மனசு விட்டுப் பேச வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் வேண்டும். கல்யாணச் செலவு நெருங்கிக்கொண்டிருந்ததால், கடையில் எது குறைந்த விலையோ அதைத்தான் வாங்க முடியும்.

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடை. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கையால பேசுறதுக்குங்க பாய். தம்பிக்குக் காது கேக்காது. கட்டிக்கப்போற பொண்ணுக்கும் அப்படித்தான்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "எல்லாரும் வந்த உடனே பாட்டு எப்படிக் கேக்கும்னுதாங்க கேப்பாங்க. உங்களுக்கு அது வேணாம். முன்னாடி இருக்கிற கேமராதான் முக்கியம். அதிர்றதும் நல்லா அதிரணும். இருங்க."

இரண்டு போன்களை எடுத்து வைத்தார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று நீலம். மெலிசாக, பெரிய திரையோடு, பார்த்தவுடன் கையில் எடுக்கத் தோன்றும். பின்பக்கம் கேமரா மாதிரி மூன்று வட்டம் இருந்தது. "அதுல ரெண்டு சும்மா அழகுக்குங்க," என்று பாயே சொல்லிவிட்டார். இன்னொன்று கறுப்பு. தடிமன், செங்கல் மாதிரி கனம். திரை சின்னது, வெளிச்சமும் மங்கல். ஆனால் சார்ஜ் ரொம்ப நேரம் நிற்கும் என்றார். அழைப்பு வந்தால் மேஜையே நடுங்குகிற மாதிரி அதிர்ந்தது.

தம்பி இரண்டையும் சும்மா தடவிப் பார்த்துவிட்டு வைக்கவில்லை. கடை வைஃபையில் இரண்டையும் இணைக்கச் சொன்னான். ஒன்றை என்னிடம் கொடுத்துக் கடை வாசலில் நிற்க வைத்தான். உள்ளே நின்றுகொண்டு, கையால் வேகவேகமாக ஏதேதோ சொன்னான். பிறகு போன்களை மாற்றிக்கொண்டு அதையே மறுபடியும் சொன்னான். நீலத்தின் கேமராவில் அவன் முகம் பளிச்சென்று சினிமாக்காரர் முகம் மாதிரி தெரிந்தது. கறுப்பின் கேமராவில் முகம் கொஞ்சம் மண் நிறமாக இருந்தாலும் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கடைக்கு வந்திருந்த இரண்டு மூன்று பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவன் எதையும் கண்டுகொள்ளவில்லை. வாங்குகிற பொருளை இவ்வளவு அக்கறையாகச் சோதித்துப் பார்த்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கறுப்பு என்று முடிவு செய்தான்.

"இதுல ஒரே ஒரு பீஸ்தாங்க இருக்குது. அடுத்த லோடு எப்ப வரும்னு சொல்ல முடியாது," என்றார் பாய்.

காத்திருக்கவெல்லாம் அவனுக்குப் பொறுமை இல்லை. அதில் ஒன்று, இதில் ஒன்று என்று வாங்கிக்கொண்டோம். அவன் கறுப்பை வைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில் கறுப்பைத்தான் அவளுக்கென்று தனியாகப் பையில் வைத்தான்.

நல்லதை அவளுக்குக் கொடுக்கிறானே என்று எனக்குப் பெருமையாகிவிட்டது. அதை அவனிடம் சைகையில் சொன்னபோது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். 'உனக்குப் புரியவில்லை. அவள் கேமரா நன்றாக இருந்தால்தான் எனக்கு அவள் நன்றாகத் தெரிவாள்' என்று கை காட்டினான். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்தேன்.

அவள் ஊரில் மலை மறைப்பதால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் பகல் சாப்பாட்டு வேளையில், அவள் பேக்கரியிலும் இவன் பட்டறையிலும் இருக்கும்போது வீடியோவில் பேசிக்கொண்டார்கள். பட்டறைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். "சோறு திங்கிறதுக்கு முன்னாடி கை கழுவாத ஆளுங்க உங்க தம்பி. இப்ப போன் பேசுறதுக்கு முன்னாடி மண்ணெண்ணெய் போட்டு, சோப்புப் போட்டுக் கழுவுறாப்ல." கரி படிந்த கை திரையில் தெரியாதாம்.

கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு காலையில் பெண்ணின் அம்மா எனக்குப் போன் செய்தார். நான் சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்துதான் பேசினேன்.

"கண்ணு, எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க. நேத்து மத்தியானத்துல இருந்து பாப்பா சோறு திங்கல. போனை எடுத்துப் பரண் மேல போட்டுட்டா. கல்யாணமே வேணாங்கிறா."

"என்னங்கம்மா ஆச்சு?"

"கல்யாணத்துக்கு அப்புறமும் பேக்கரிக்குப் போலாமான்னு உங்க தம்பிகிட்டக் கேட்டிருக்கா. அவரு வேண்டாம்னு சொல்லிட்டாராம். ஒரு தடவை இல்லீங்க, திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கா. வேண்டாம், வேண்டாம்னே சொன்னாராம்."

அப்படிச் சொல்லக்கூடியவன் இல்லை அவன். நான் வேலைக்குப் போவதைப் பட்டறையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்பவன். அன்று அவன் வேலைக்குக் கிளம்பாமல் வீட்டிலேயே இருந்தான். அவள் போனை எடுக்கவில்லை, எழுதி அனுப்பியதற்கும் பதில் இல்லை என்று முகம் வாடிப் போயிருந்தது. நான் அவசரமாக வீட்டுக்கு வந்து, அவள் வேலையைப் பற்றிக் கேட்டாளே, நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

கையை மார்புக்கு நேராக வைத்து, மணிக்கட்டிலிருந்து முன்னால் வீசிக் காட்டினான். போ. வேலைக்குப் போ. அவள் மறுபடி மறுபடி கேட்டதால், இவனும் மறுபடி மறுபடி, வேகமாக, சந்தோஷமாக வீசியிருக்கிறான். போ, போ, தாராளமாகப் போ.

நான் என் கையை எடுத்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினேன். அவர்கள் இருவரின் சைகையில் அதுதான் 'வேண்டாம்'. அவன் என் கையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து நீலப் போனை எடுத்து உற்றுப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பட்டறையில் தகரக் கூரைக்குக் கீழே பகலிலும் வெளிச்சம் குறைவு. கடையில் பளிச்சென்று காட்டிய நீலம், அந்த அரைகுறை வெளிச்சத்தில் வேகமாக அசைகிற கையை என்னவாகக் காட்டியதோ, அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நான் பெண்ணின் அம்மாவிடம் பேசிப் புரியவைத்துவிடலாம் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. 'என் பேச்சை நான்தான் பேச வேண்டும்' என்றான். உடனே கிளம்பினோம். தர்மபுரி போய், அங்கிருந்து அடிவாரத்துக்கு வேறு பஸ்.

அவள் வாசலில் மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையால் பேசுபவர்களிடம் முகத்தைத் திருப்புவது என்றால், கதவைச் சாத்துவது மாதிரி. அதன் பிறகு ஒன்றும் சொல்ல முடியாது.

தம்பி அவள் எதிரில் போய் நின்று கையை ஆட்டவில்லை. பெண்ணின் அம்மாவிடம் சைகையில் கறுப்புப் போனைக் கேட்டு வாங்கினான். மூட்டைகள் அடுக்கியிருந்த இருட்டு அறைக்குள் போனான். நானும் பின்னால் போனேன். இரண்டு போன்களையும் ஒரு மூட்டைமேல் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்து, இரண்டிலும் முன் கேமராவில் வீடியோ எடுக்க வைத்தான். எதிரில் நின்று, 'போ, வேலைக்குப் போ' என்று பட்டறையில் சொன்ன அதே வேகத்தில் சொன்னான். வெளியே வந்து இரண்டு போன்களையும் அவள் உட்கார்ந்திருந்த பாயில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

அவள் கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்தாள். பிறகு நீலத்தைத் தொட்டாள். நானும் குனிந்து பார்த்தேன். முகம் தெரிந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புகை இப்படியும் அப்படியும் ஆடியது. யார் பார்த்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கறுப்பைத் தொட்டாள். படம் மங்கல்தான். ஆனால் மணிக்கட்டு மடங்குவதும் விரல்கள் முன்னால் விரிவதும் தெளிவாகத் தெரிந்தன. போ. போ. வேலைக்குப் போ.

அதையே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் அம்மா என்னைப் பார்த்து, "என்னாங்க சொல்றாரு?" என்று கேட்டார். "வேலைக்குப் போகச் சொல்றான்மா. அன்னிக்கே அதைத்தான் சொல்லியிருக்கான்," என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அழுகை நின்றதும் அவள் கோபமாகக் கையால் பேச ஆரம்பித்தாள். எதற்காக நல்ல போனை எனக்குக் கொடுத்தீர்கள் என்றாள். உன்னை நன்றாகப் பார்க்கத்தான் என்றான் இவன். 'அப்படியென்றால் நான் உங்களைப் பார்க்க வேண்டாமா?' என்று கேட்டாள். கறுப்பை எடுத்து அவன் சட்டைப் பையில் அவளே போட்டாள். நீலத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

'இதில் உன் கை எனக்குத் தெரியாதே' என்றான்.

தெரியும் என்றாள். பேக்கரியில் கேக் வைத்திருக்கிற கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நாள் முழுக்க வெள்ளை விளக்கு எரியும், அங்கே நின்று பேசினால் இந்தப் போனே போதும் என்றாள். இருட்டில் நிற்பவருக்குக் கறுப்பு, வெளிச்சத்தில் நிற்பவளுக்கு நீலம். பட்டறைக் கையிலிருந்து கீழே விழுந்தாலும் கறுப்பு தாங்கும், இது தாங்காது என்றும் சேர்த்துச் சொன்னாள். கடையில் அவ்வளவு நேரம் சோதித்துப் பார்த்தும் நாங்கள் யோசிக்காததை, பாயில் உட்கார்ந்தபடி அவள் சொல்லி முடித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண் இவள் என்று நினைத்தபோது எனக்குத் தலை நிமிர்ந்தது.

வேண்டாம் என்பதற்கு அன்றே புதுச் சைகையும் முடிவாயிற்று. இரண்டு கைகளையும் மார்பின் மேல் பெருக்கல் குறி மாதிரி வைக்க வேண்டும். எந்தக் கேமராவிலும் தப்பாது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சொந்தக்காரர் ஒருவர் பந்தியில் என் காதருகே வந்து, "ரெண்டு பேருக்குமே காது கேக்காது, நாளைக்கு ஒரு சண்டை சச்சரவுன்னா எப்படிங்க பேசித் தீத்துக்குவாங்க?" என்று கவலைப்பட்டார். "ஒண்ணு போட்டு, தீத்தும் முடிச்சுட்டாங்கண்ணா. நீங்க பாயசம் சாப்பிடுங்க," என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இப்போது அவர்கள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்துத் தனியாக இருக்கிறார்கள். காலையில் அவன் அரூர் பஸ்ஸிலும் அவள் தர்மபுரி பஸ்ஸிலும் ஏறுகிறார்கள். சென்ற மாதம் பேக்கரியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்குக் கிரீம் பூ வைக்கக் கற்றுக்கொடுக்கிற பொறுப்பை முதலாளி அவளிடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்களுக்குக் காது கேட்கும். அதனால் அவர்கள்தான் இப்போது அவளிடம் சைகை படித்துக்கொண்டிருக்கிறார்கள்.