கரி லாரியும் கவிழ்த்த செம்பும்

லாரி வாங்கப் போகிறவன் இஞ்சினைப் பார்க்க வேண்டும். நான் விற்கிறவரைப் பார்த்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன். கூப்பன் வேண்டுமென்றால் பெரிய மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு யாரைத் தெரியும்? அதனால் எங்களைப் போன்றவர்களின் லாரிகள் கரியில் ஓடின. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை நிற்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைவிசிறியைச் சுற்றிச் சுற்றிக் கனல் ஏற்ற வேண்டும். அதிலிருந்து வருகிற வாயு குழாய் வழியாக ஒரு பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் கெட்டித் துணி கட்டியிருக்கும். சாம்பலைத் துணி பிடித்துக்கொள்ளும். வாயு மட்டும் இஞ்சினுக்குப் போகும். போகவேண்டியது அப்படி.

நான் பல்லாவரம் கல்லுப்பள்ளத்தில் அடுத்தவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்திலிருந்து கல் ஏற்றி, தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வீடு கட்டுகிற இடங்களில் கொட்டுவது வேலை. குடியிருந்தது மந்தைவெளியில். அங்கே என் சம்சாரத்துக்கு மூன்று எருமைகள் இருந்தன. நான் வாங்கிக் கொடுத்ததில்லை. அவளே கன்றாக வாங்கி வளர்த்தவை. வீட்டில் அடுப்பு எரிந்தது முக்கால்வாசி அவற்றால்தான்.

மயிலாப்பூரில் அவள் பால் ஊற்றிய வீடுகளில் ஒன்று, லாரிகள் வைத்திருந்த ஒரு காண்டிராக்டர் வீடு. லஸ்ஸுக்குப் பக்கத்தில் மாடி வீடு. கறந்து கொண்டுபோன பாலை அந்தத் தெருவில் யாரும் வாங்க மாட்டார்கள். எருமையை வாசலுக்கே ஓட்டிப் போக வேண்டும். கறப்பதற்கு முன்னால் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், உள்ளே தண்ணீர் இல்லை என்று. மற்ற வீடுகளில் பெண்கள் கதவோரம் நின்று ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான். இந்த வீட்டில் காண்டிராக்டரே வெளியே வருவார். இன்னொரு தரம் கவிழ்க்கச் சொல்வார். ஒரு நாள் முந்தானையை உதறிக் காட்டு என்றாராம், உள்ளே தண்ணீர்ப் பை ஒளித்திருக்கிறாளா என்று பார்க்க. உதறிக் காட்டிவிட்டுக் கறந்தாள்.

வந்து என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு எண்ணமும் வந்தது. அடுத்தவரிடம் இத்தனை சுத்தம் பார்க்கிற மனிதர் தன் விஷயத்திலும் அப்படித்தான் இருப்பார் என்று. அந்த எண்ணத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அவர் தம் லாரிகளில் ஒன்றை விற்கப்போகிறார் என்று சம்சாரம்தான் வந்து சொன்னாள். போய்ப் பார்த்தேன். கனத்த அமெரிக்க வண்டி. பெட்ரோலுக்கென்று செய்த ஆறு சிலிண்டர் இஞ்சின், மூடியைத் தூக்கினால் உள்ளே கை நுழைக்க இடமில்லை. பிறகு கரிக்கு மாற்றியிருந்தார். யுத்தம் முடிந்து பெட்ரோல் கிடைத்தால் இது மலையையே இழுக்கும் என்றார். வடிகட்டிப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. இப்படித்தான் வண்டியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். பழைய துணி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

ஓட்டிப் பார்க்கக் கடற்கரை ரோட்டுக்கு அழைத்துப் போனார். காற்றாட ஓட்டலாம் என்றார். சாந்தோமிலிருந்து வடக்கே நேராக ஓட்டினேன். நன்றாகத்தான் ஓடியது. அந்த ரோட்டில் மேடு கிடையாது. சாயங்காலக் கடல் காற்று வேறு அடித்தது. பின்னால் வந்த புகையையெல்லாம் அது ஊருக்குள் கொண்டுபோய்விட்டது. ஏன் அந்த ரோடு, ஏன் அந்த நேரம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எருமைகளில் இரண்டை விற்றால்தான் லாரி. சம்சாரத்திடம் கேட்டேன். அவள் சாணி தட்டிக்கொண்டே சொன்னாள்:

"எருமைக்கு வைக்கோல் போட்டா பால் தருது. அதுக்குக் கரி போட்டா இன்னா தரும்?"

"கூலி தரும். ஒருத்தன் கிட்ட கை கட்டிகினு நிக்க வேணாம்."

மறுநாள் அவளே இரண்டையும் கயிற்றோடு ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தாள். மூன்றாவது வயதானது. அதை வாங்க ஆளில்லை. அது வீட்டில் நின்றது.

பல்லாவரம் பள்ளத்திலிருந்து மேலே வர ஒரே சரிவு. பாரத்தோடு அதில் ஏறுகிற வண்டிக்குத்தான் அங்கே வேலை. முதல் நாளே என் லாரி பாதிச் சரிவில் நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் நின்றன. இறங்கிப் போய் டயருக்குக் கல் வைத்தேன். கருநீலப் புகை பள்ளம் முழுக்க நிறைந்தது. அங்கே கடல் காற்று இல்லை.

கரி வண்டி அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். கரியில் இழுவை பாதிதான், கரி என்றால் புகை வராமல் இருக்குமா என்றார்கள். நானும் நம்பினேன். ஈரக் கரியாக இருக்கும் என்று வெயிலில் காயவைத்தேன். தூளாக இருக்கும் என்று சலித்துப் போட்டேன். சவுக்குக் கரியை விட்டு வேறு கரி வாங்கினேன். துணியை அலசி அலசிக் கட்டினேன். எது செய்தாலும் அதே பாதிச் சரிவு, அதே புகை. பாரத்தைக் குறைத்து ஏற்றினால் கூலி கரிக்கே சரியாகிவிட்டது. கடைசியில் பள்ளத்து மேஸ்திரி கூப்பிட்டார். வண்டியைச் சரிபண்ணிக்கொண்டு வா, அதுவரை பள்ளத்தில் இறங்காதே என்றார். அவர் மேல் தப்பில்லை. ஒருவன் நின்றால் பத்துப் பேருக்கு வேலை நிற்கும்.

ராயப்பேட்டையில் ஒரு பாய் மெக்கானிக் இருந்தார். முன்பு நான் ஓட்டிய வண்டிகளைப் பார்த்தவர். லாரியை அங்கே கொண்டுபோய் விட்டேன். அவர் இஞ்சினைத் தொடவில்லை. வடிகட்டிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருந்த குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்கச் சாம்பல். ஒரு உளியால் தட்டினார். சாம்பல் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது.

"நீ வாங்கறப்போ துணி இன்னா கலர்ல இருந்துச்சு நைனா?"

வெள்ளை என்றேன்.

"இந்தக் குழாய்க்கு சுத்தமான வாயுதானே வரணும்? இவ்ளோ சாம்பல் எங்கேந்து வந்துச்சு? துணியே இல்லாம ஓட்டிக்கீறான். துணிய எடுத்துட்டா கொஞ்சம் நல்லா இழுக்கும். நாலு நடை கூட அடிக்கலாம். சாம்பல் உள்ளே போய் இஞ்சினை அரைச்சுத் தின்னுட்டு இருக்கும். விக்கற அன்னிக்குப் புதுத் துணி கட்டிக்கீறான்."

பிறகு இஞ்சினையும் பிரித்துக் காட்டினார். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்குகள் தேய்ந்து தகடாக இருந்தன; அதனால்தான் இழுவையும் இல்லை, எண்ணெய் எரிந்து அந்தப் புகையும். சிலிண்டர் சுவர் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். பெயர்ந்து விழுந்த சாம்பல் ஓட்டைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை சம்சாரம் மிச்சமிருந்த எருமையை ஓட்டிக்கொண்டு போனபோது நானும் கூடப் போனேன். காண்டிராக்டர் வழக்கம்போல வாசலுக்கு வந்தார். அவள் உட்கார்ந்து செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். நான் துண்டை அவிழ்த்துக் காட்டினேன். பாய் சொன்னதைச் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள், இல்லை இஞ்சினையாவது சரிபண்ணிக் கொடுங்கள் என்றேன். குரலை உயர்த்தவில்லை.

உனக்குச் சரியாக ஓட்டத் தெரியவில்லை என்றார். பார்த்துத்தானே வாங்கினாய் என்றார். கடற்கரையில் ஓட்டிக்கூடப் பார்த்தாயே என்றார். பார்த்தேன்தான். அவர் காட்டியதைப் பார்த்தேன். நான் நகரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

"பால்ல தண்ணி ஊத்திப் பிழைக்கிற ஜனங்க. நீங்க எனக்கு நியாயம் சொல்ல வரீங்களா?"

சம்சாரம் எழுந்தாள். இன்னும் கறக்க ஆரம்பிக்கவில்லை. செம்பு அவள் கையிலேயே இருந்தது.

"எத்தினி வருசமா உங்க வாசல்ல இத்தக் கவுத்துக் காட்டிகினு கீறேன். முந்தானி கூட ஒதறிக் காட்டினேன். நீங்க ஒரு தபா கவுத்துக் காட்டுங்க."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னலும் சாத்திக்கொண்டது. அந்தத் தெருவில் எங்கள் பக்கம் ஒரு வார்த்தை பேச ஒருவர் இல்லை. அத்தனை பேரும் அவள் கறந்த பாலில் காப்பி குடித்தவர்கள்.

அவள் கறக்காமலே எருமையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு அடுத்த நாள் அந்தத் தெரு வழியாகப் போனபோது எருமை பழக்கத்தில் அந்த வாசலில் நின்றுவிட்டதாம். வேலைக்காரி பாத்திரத்தோடு வெளியே வந்தாளாம். இவள் எருமையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி மேலே நடந்திருக்கிறாள். இருப்பது ஒரே எருமை. அதில் ஒரு வாடிக்கை போயிற்று.

பணம் திரும்பி வரவில்லை. போலீஸ், வக்கீல் என்று போக எங்களுக்கு வழியும் தெரியாது, தைரியமும் இல்லை. நான் மறுபடி அடுத்தவன் லாரிக்குப் போனேன். கூலியில் மீந்ததைப் பாயிடம் கொடுத்தேன். அவரும் அவசரப்படுத்தாமல், சாமான் கிடைக்கக் கிடைக்க வேலை செய்தார். சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு முடிக்க ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பல்லாவரம் சரிவில் முழுப் பாரத்தோடு ஏறினேன். மேலே வந்ததும் மேஸ்திரி சபாஷ் என்று கையைத் தூக்கினார். நான் நிறுத்தவில்லை, ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

யுத்தம் முடிந்து மிலிட்டரி லாரிகள் விலைக்கு வந்தபோது என்னுடையதைக் கொடுத்துவிட்டு ஒன்று எடுக்க நினைத்தேன். வாங்க ஒரு சைதாப்பேட்டைக்காரன் வந்தான். அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போகவில்லை. பள்ளத்துக்குக் கூட்டிப்போய், கல் ஏற்றி, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சரிவில் ஏற்றிக் காட்டினேன். இஞ்சினில் என்ன வேலை செய்தது என்று எல்லாம் சொன்னேன். அவன் கீழே இறங்கி வடிகட்டிப் பெட்டியைத் திறந்தான். துணி கருப்பாக இருந்தது. சாம்பல் பிடிக்கிற துணி வேறெப்படி இருக்கும்?

"மேடு ஏறுது, சரி. துணிய இப்டி அழுக்கா வச்சிகினு கீறியே நைனா. வண்டிய நல்லா வச்சுக்கத் தெரியலியா உனக்கு?"

அந்தத் துணியைச் சொல்லியே விலையைக் குறைத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெள்ளைத் துணி கட்டியிருந்தால் கேட்டதைக் கொடுத்திருப்பான். முழுக் கதையையும் அவனிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு, அதே விலையில் நின்றான். கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் சொன்னேன்.

"புதுத் துணி கட்டிருந்தா இன்னொரு எருமை வாங்கிருக்கலாம்" என்றாள்.

"கட்டச் சொல்றியா?"

"நான் எங்க சொன்னேன்?"

கறக்கிற நேரம். செம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கறக்கிற பால் அது. உட்காருவதற்கு முன்னால் செம்பை ஒரு தரம் கவிழ்த்துப் பிடித்து, ஒரு உதறு உதறினாள். எதிரே சுவர்தான் இருந்தது.

என் லாரி போனதை நான் மறந்துவிட்டேன். அவள் கைக்கு வந்த அந்தப் பழக்கத்தை மட்டும் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.