பெரியப்பா தலைமையில் மாப்பிள்ளை அழைப்பு

என் பெரியப்பா வாலிபத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் சண்டை விமானம் ஓட்டியவர். எங்கள் நாட்டுக்கு இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில் வாங்கிய பதக்கத்தை இன்றும் விசேஷங்களுக்குக் கோட்டில் குத்திக்கொண்டுதான் வருவார். எண்பது தாண்டியும் கார் ஓட்டுகிறார். என் கல்யாணத்தன்று பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் மண்டபத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரான எங்களை அழைத்துப்போகும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். யார் யோசனையோ தெரியவில்லை. தெரிந்தால் உதைப்பேன்.

ஒவ்வொரு கார் கண்ணாடியிலும் எண் ஒட்டினார். அவர் கார் ஒன்று, நான் உட்கார்ந்த கார் இரண்டு.

"லீடரை யாரும் முந்தக்கூடாது. நம்பர் டூ, என் பின்னாலயே வரணும். மேப் எல்லாம் வேணாம்லா, நான் கண்ணால பார்த்தே ஓட்டுவேன்."

கண்ணால் பார்த்தே ஓட்டினார். மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தால் கிள்ளான் வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. அவை இருப்பதோ கிள்ளானைத் தாண்டி, காப்பாரில். அவற்றைக் குறிவைத்து, கிள்ளானுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். வழி தவறியது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரை முந்தத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை. வரிசை குலையாமல் தொலைந்துகொண்டிருந்தோம்.

மணப்பெண் போன் செய்தாள். "எங்க இருக்கீங்க?"

"காப்பார்."

"காப்பார்ல யாரைக் கட்டிக்கப் போறீங்க?"

குறித்த முகூர்த்தம் தவறினால் அன்றைக்கு வேறு நல்ல நேரமில்லை என்று ஐயர் முன்பே சொல்லியிருந்தார்.

பெரியப்பாவும் ஒருவழியாகப் புரிந்துகொண்டார். ஒரு முச்சந்தியில் காரை ஓரங்கட்டி இறங்கினார். கோட்டும் பதக்கமுமாக நடுரோட்டில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். துறைமுகத்துக்குப் போகும் ராட்சத லோரி ஒன்று முனகிக்கொண்டு நின்றது.

"நம்பர் டூ, இனி நீதான் லீடர். திரும்பிப் போ."

"நீங்க, பெரியப்பா?"

"கடைசி வண்டி திரும்பட்டும். நீ போலா, பொண்ணு காத்திருக்குது."

போனோம். ஓடிப்போய் மணவறையில் உட்கார்ந்து, நடந்ததை மணப்பெண்ணிடம் சொன்னேன். நல்ல நேரம் முடியுமுன் தாலி கட்டினேன். அடுத்தது பெரியவர்கள் அறுகரிசி தூவி வாழ்த்துவது. மாப்பிள்ளை வீட்டில் பெரியப்பாதான் மூத்தவர், அவரைக் காணோம். நேரமாகிறது, வேறு யாராவது தொடங்கட்டும் என்றார் ஐயர்.

காலையிலிருந்து அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த என் புது மனைவி தலைநிமிர்ந்தாள். "அந்த அங்கிள் வராம யாரும் போடக்கூடாது ஐயரே. இவங்கள எல்லாம் அனுப்பிட்டு அவர் ரோட்டுல நிக்கிறாரு."

மண்டபமே பசியோடு காத்திருந்தது. வேர்த்துக் கொட்ட உள்ளே வந்த பெரியப்பா எங்களைப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று, எல்லோரும் வந்து சேர்ந்தார்களா என்று எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகக் கண்ணால் தேடி முடித்தார். அதன்பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.