கைக்குச் சுடாத கல்

ஜப்பான்காரன் சண்டை நடந்த காலம். ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்பத்தூர் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளை. நானும் மச்சானும் அங்கே கல் இறக்கினோம். மச்சான் என் பெண்டாட்டிக்குத் தம்பி, புதுசாகக் கல்யாணமானவன். நான் சூளைமேல் நின்று ரெண்டு ரெண்டு கல்லாக வீசுவேன். அவன் கீழே பிடித்து வண்டியில் அடுக்குவான். ஒரு வரிசை முடிகிறவரைக்கும் வீசுகிறவன் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் கை ஓட்டம் கெட்டுவிடும். அதுதான் அங்கே வழக்கம்.

அன்றைக்கு வண்டிகள் காத்திருந்தன. சூளையைச் சரியாக ஆறவிடாமல் பிரித்தார்கள். நடு வரிசைக்கு வந்ததும் மச்சான் கல் சுடுது என்றான். எனக்குச் சுடவில்லை. வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சூளையிலிருந்து எடுக்கிற எனக்கே சுடாதது உனக்கு எப்படிச் சுடும் என்று கேட்டேன். வீச்சை நிறுத்தவில்லை.

"கண்ணாலத்து மருதாணி இன்னும் காயலியா மச்சான்?" என்றேன்.

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் வந்ததையெல்லாம் அவன் பிடித்தான். வரிசையின் கடைசி ஜோடியை மட்டும் கீழே விட்டுவிட்டான்.

இறங்கிப் போய் அந்தக் கல்லைச் சும்மா நின்றபடி எடுத்தேன். கையில் வைத்திருக்க முடியாமல் சுட்டது. அவன் கையில் சுற்றியிருந்த கோணித் துண்டைப் பிரித்தால் தோலும் கூட வந்தது.

வீசிக்கொண்டே இருந்ததில் என் கைக்குச் சூடு உறைக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. அது தப்பில்லை. ஆனால் அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

வீட்டில் கொதிக்கிற கஞ்சிச் சட்டியைப் பிடித்துப் பார்த்தேன். கையை அசைக்காமல், கல் வீசுகிற மாதிரி மனசில் நினைத்தாலே சூடு கொஞ்சம் மட்டுப்பட்டது. நாலைந்து தரம் செய்து பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து என் பெண்டாட்டி அவன் கைக்கட்டை மாற்றினாள். துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததை அவனிடம் சொன்னேன்.

"மனசுக்குள்ள கல்லு வீசிகினே இரு. எரிச்சல் அவ்ளோ தெரியாது."

அவன் சரியென்று கண்ணை மூடிக்கொண்டான். நான் சொன்னதை நம்பினான். அன்றைக்கு அவன் சொன்னதை நான் நம்பவில்லை.

துணி வந்தது. அவன் உடம்பு தூக்கிப் போட்டது. ஏன், வீசவில்லையா என்று கேட்டேன்.

"நான் எங்க மாமா வீசிக்கீறேன்? மனசுலயும் புடிச்சிகினுதான் இருந்தேன்."

என் பெண்டாட்டி நிமிரவில்லை. அடுத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.