கரை சேர வேண்டிய பாட்டுகள்

பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப் எப்போது அணையுமோ தெரியாது. அதிலிருந்த படங்கள் புது லேப்டாப்புக்கு வந்துவிட்டன. இறந்துபோன நைனா பாடி, நான் பதிந்து வைத்த பாட்டுகள் மட்டும் பாதியில் நின்றன. இரண்டையும் இணைத்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஊர் ஏரி உடைந்த அன்றும் இப்படித்தான் நைனாவை இறுகப் பிடித்திருந்தேன். எனக்கு ஏழு வயது. நைனா ஒரு கையில் என்னையும், மறு கையால் தலைமேல் ரேடியோவையும் பிடித்தபடி, இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். வழியில் அவருக்குக் கால் வழுக்கியது. நான் மூழ்கினேன்.

“ரேடியோவ வுட்டுட்டுக் கொயந்தயப் புடிய்யா!” என்று அம்மா அலறினாள்.

ரேடியோவை விட்டுவிட்டு என்னைத் தூக்கினார். பள்ளிக்கூடம் சேர்ந்ததும், அழுத என்னை மடியில் வைத்து, ரேடியோவில் கேட்ட பாட்டுகளை அவரே பாடினார். அதன்பின் பாடுவதை நிறுத்தவேயில்லை.

ஒருவழியாகக் கடைசிப் பாட்டும் வந்து சேர்ந்தது. திறந்தேன். முதலில் இருமல், பிறகு குரல்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

“இன்னாடி, உங்க நைனா வந்துட்டாரா?”