ஜேர்மன்காரர் பிடித்த விரல்

போன கிழமை மகள் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் உள்ள தன் வீட்டுக்குப் புது மரமேசை ஒன்று வாங்கி இறக்கினாள். கிட்டப் போனேன், தேன்மெழுகு மணம். மற்றவர்களுக்கு அது நல்ல மணமாக இருக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது.

தொண்ணூறுகளில், நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில், அஜின்கோர்ட்டில் ஒரு ஜேர்மன் கிழவர் நடத்திய பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தேன். தரைக்கும் மேசைக்கும் அந்த மெழுகைத்தான் பூச வேண்டும். கடையில் விற்கும் துப்புரவு மருந்து எதையும் கிழவர் உள்ளே விடமாட்டார். தேய்ந்தது என் முழங்கால், புகழ் அவருக்கு.

அவருடைய வரலாற்றை நான் வாசித்து அறியவில்லை, தூசு தட்டி அறிந்தேன். சுவர் முழுக்க அவர் படங்கள். முதல் படத்தில் இளந்தாரி வாத்தியார் பிரம்பை முறித்து அடுப்பில் போடுகிறார். அடுத்ததில் வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் வாங்குகள் எல்லாம் முற்றத்தில் குவிந்து கிடக்கின்றன. அதற்காக அவரை வேலையால் கலைத்தார்களாம். வேறு ஊரில் இன்னொரு பள்ளிக்கூடம் தொடங்க, அதையும் மூடினார்களாம். பிறகு கப்பலேறிக் கனடா. கடைசிப் படத்தில் கோட்டுப் போட்ட பெரியவர்கள் சுற்றிவர நிற்கிறார்கள், மாலை ஒன்றுதான் குறை. படங்களுக்குக் கீழே இருந்ததை எனக்கு வாசித்துச் சொன்னவர், பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை செய்த மன்னார் ராசாத்தி அக்கா.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சோதனை இல்லை, அடி இல்லை. நல்லது. ஏழு வயது தாண்டும்வரை எழுத்தும் இல்லை! பிள்ளைகள் கம்பளி பின்னுவார்கள், மண் கிண்டுவார்கள். கேட்டால் கிழவர் "நோ ஹரி" என்பார். அவசரம் இல்லையாம். இரண்டாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள் நான். இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பஸ் நெற்றியில் இருப்பதை அறியப் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிறவளிடம் சொல்கிறார், அவசரம் இல்லையாம்.

வேலைக்காரியின் பிள்ளை என்று என் மகள் தர்சினியையும் அங்கே காசு வாங்காமல் சேர்த்திருந்தார். அவளுக்கு ஆறு வயது. ஊரில் சண்டைக்குப் பயந்து ஓடித்திரிந்த காலத்தில் ஏடு தொடக்காமல் விட்டுப்போனது. அந்த விஜயதசமிக்கும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. படித்த ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுத வேண்டும். அந்தக் கையின் ராசி பிள்ளைக்கு ஒட்டும் என்பார்கள். என் கை அதற்குக் காணாது, அது இரண்டாம் வகுப்புக் கை. எனக்குத் தெரிந்தவர்களில் ஆகப் படித்தவர் யார்? கிழவர்தான்.

"உனக்கென்ன விசரே?" என்றார் ராசாத்தி அக்கா. "எழுத்தே வேண்டாமெண்டு நிக்கிற மனுசனிட்டையோ ஏடு தொடக்கப் போறாய்?"

"அவர் ஒண்டும் படிப்பிக்க வேண்டாம் அக்கா. கையைத் தந்தாக் காணும்."

தட்டில் பச்சையரிசி பரப்பி, 'அ' எழுதிக் காட்டி, பிள்ளையின் விரலை அவரிடம் நீட்டினேன். கிழவர் முழங்காலை ஊன்றி இருந்து விரலைப் பிடித்தார். எனக்குக் கண் நிறைந்தது. அவரோ என் 'அ'வை உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு, பிள்ளையின் விரலால் ஒரு மீன் கீறினார். வாலும் வைத்தார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. "நோ ஹரி, மம்மா" என்று என் தோளில் தட்டினார்.

தட்டைப் பறித்தேன்.

"உமக்கு எழுத்து வயிறு முட்டிப்போச்சு, அதுதான் துப்புறீர். எனக்கு நாக்கு நனையக்கூடக் கிடைக்கேல்லை ஐயா!"

ஒரு சொல்லும் விளங்காமல் தலையாட்டிச் சிரித்தார். ராசாத்தி அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்தார். "கத்தாதையடி, வேலை போகப்போகுது."

"போகட்டும். கட்டையிலை போவானின்ர மெழுகை இனி அவனே பூசட்டும்."

குசினி மேசையில் தட்டை வைத்து, மீனை அழித்து, பிள்ளையின் விரலை நானே பிடித்தேன். காணாத கையால்தான் என் பிள்ளைக்கு எழுத்துத் தொடங்கியது. அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினேன். சோதனையும் வாங்கும் உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அவள் படித்தாள், பட்டம் எடுத்தாள், வீடும் வாங்கினாள். அதில் கிழவருக்கு ஒரு பங்கும் இல்லை.

கிழவர் செத்துப்போனார். ராசாத்தி அக்காவும் இல்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் பழைய கார் விற்கிறார்கள்.

மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி மகளிடம் கேட்டேன்.

"அஜின்கோர்ட் பள்ளிக்கூடம் உனக்கு ஞாபகம் இருக்கோ?"

"ஓம் அம்மா! ரைஸிலை ஃபிஷ் கீறின ஸ்கூல். ஸோ நைஸ்." புது மேசையில் விரலால் கீறியும் காட்டினாள். வால்கூடத் தப்பவில்லை.

"பிறகு குசினியிலை நான் எழுதுவிச்ச 'அ'?"

அவள் விரல் மேசையில் நின்றது.

"எந்த 'அ' அம்மா?"